நிலைக்கு ஆகாத மரம்

கோயம்புத்தூரில் பாக்கிங் பெட்டியும் பேலட்டும் அடிக்கிற சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறேன். பம்ப், மோட்டார், வார்ப்படம் என்று இந்த ஊரிலிருந்து கப்பலேறுகிற எதுவாக இருந்தாலும் அதன் அடியில் ஒரு மரச்சட்டம் வேண்டும், அதுதான் எங்கள் பிழைப்பு. முன்னெல்லாம் சில்வர் ஓக், ரப்பர் மரம், கிடைத்ததை வாங்கி ஓட்டினோம். இப்போது பாதிக்கு மேல் பைன், அதிலும் பெரும்பாலும் நியூசிலாந்து பைன், தூத்துக்குடி மர டிப்போவிலிருந்து வருவது.

2021ல் ஒரு நாள் டிப்போக்காரர் போன் போட்டு, கன அடிக்கு விலை ஏறிவிட்டது என்றார். போன வாரம்தானே ஏற்றினீர்கள் என்றேன். "என்ன செய்ய அண்ணாச்சி, சைனாக்காரன் அள்ளிட்டுப் போறாம்லா" என்றார். சரி, உலகம் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி அதே குரல். "சைனாக்காரன் இப்ப வாங்கலை அண்ணாச்சி, அங்க வீடு விக்க மாட்டேங்கு." அப்படியென்றால் நமக்கு விலை இறங்க வேண்டுமே என்று கேட்டேன். "இறங்கும். ஆனா சரக்கு வரணும்லா? அவன் புகை போட மாட்டேங்கான்."

யார் புகை போட மாட்டேன் என்கிறான், எதற்குப் புகை, சைனாவில் வீடு விற்காததற்கும் என் பேலட்டுக்கும் என்ன சம்பந்தம்? அன்று ஆரம்பித்த நோண்டல் இது. படித்தது கொஞ்சம், நேரில் பார்த்தது கொஞ்சம், டிப்போவில் டீ குடித்தபடி கேட்டது மீதி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மென்மரம் என்றால் மெத்தென்று இருக்கும் மரம் என்று நினைத்துக்கொள்கிறோம். நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் முருங்கையும் இலவமும் தாவரவியல் கணக்கில் வன்மரங்கள்! பைன், தேவதாரு, ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரங்கள்தான் மென்மரம். நமக்கு பைன் என்றால் கொடைக்கானலில் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம். வியாபாரத்தில் பைன் என்றால் பெரும்பாலும் ரேடியாட்டா பைன். சொந்த ஊர் கலிபோர்னியாவின் மாண்டரே கடற்கரை, ஆனால் நியூசிலாந்து மண்ணில் போய் நட்டதும் அங்கே கொழுத்துவிட்டது. 25, 30 வருஷத்தில் வெட்டலாம். அந்த நாட்டின் நட்டு வளர்த்த காடுகளில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த ஒரே மரம்தான்.

இந்த மரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும் கப்பல் வடக்கே போனால் சீனா, மேற்கே போனால் இந்தியா. இரண்டும் வளரும் நாடுகள் என்று ஒரே பட்டியலில் வருகின்றன (சீனாவை இன்னும் அந்தப் பட்டியலில் வைப்பது நியாயமா என்பது தனிச் சண்டை). இரண்டும் வெளிநாட்டு மரத்துக்குக் கதவைத் திறந்தது கிட்டத்தட்ட ஒரே சமயத்தில். திறந்த காரணம்தான் வேறு.

நம் கதவைத் திறந்தது ஒரு வழக்கு. அது கூடலூரில் ஆரம்பித்தது என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம், ஏனென்றால் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் எட்டிவிடும் ஊர் அது. கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்கிற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர் பக்கம் காடு அழிவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1995ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12ல் வந்த உத்தரவு நாட்டின் மரத் தொழிலையே புரட்டிப் போட்டது. அகராதி எதைக் காடு என்று சொல்லுமோ அதெல்லாம் காடு. அரசு ஒப்புதல் பெற்ற செயல் திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. வடகிழக்கிலிருந்து மரம் வெளியே போகக் கூடாது. அதற்கு முன்பே 1988 வனக் கொள்கை, காடு என்பது அரசு வருமானத்துக்கான இடமல்ல, தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ளட்டும் என்று சொல்லியிருந்தது. சொன்னது காகிதத்தில் இருந்தது. உத்தரவுதான் ரம்பத்தை நிறுத்தியது.

சீனாவில் கதவைத் திறந்தது வெள்ளம். 1998 கோடையில் யாங்சியும் மற்ற ஆறுகளும் பெருக்கெடுத்து 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே மலையில் காட்டை மொட்டையடித்ததால்தான் இவ்வளவு தண்ணீர் கீழே வந்தது என்று அரசே ஒப்புக்கொண்டு, யாங்சியின் மேற்பகுதியில் இயற்கைக் காட்டை வெட்டுவதை நிறுத்தியது. அடுத்த வருஷமே உருட்டு மரத்துக்கும் அறுத்த மரத்துக்கும் இறக்குமதி வரி பூஜ்யம். வெட்டாதே என்று சொன்ன கையோடு, வெளியிலிருந்து கொண்டு வா என்றும் சொல்லிவிட்டார்கள். நாம் முதல் பாதியை மட்டும் சொன்னோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டாவது பாதியை முணுமுணுத்தோம்.

அந்த முணுமுணுப்பு வரியில் தெரியும். நம் அடிப்படைச் சுங்க வரி பல காலமாக உருட்டு மரத்துக்கு 5 சதவீதம், அறுத்த மரத்துக்கு 10 சதவீதம். அதாவது முழு மரமாகக் கொண்டு வந்து இங்கே அறு, நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும். இது கெட்ட எண்ணம் இல்லை. இந்த 5 சதவீத வித்தியாசத்தில்தான் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தை ஒட்டி காந்திதாம் என்கிற ஊர் பூராவும் அறுவை மில்லாகிப் போனது. நாட்டுக்கு வரும் மரத்தில் பெரும்பங்கு இறங்குவது அங்கேதான். நம் தூத்துக்குடி அதற்குத் தம்பி, ரொம்பச் சின்னத் தம்பி.

இரண்டு நாட்டு இறக்குமதியை எண்ணால் ஒப்பிடப் போனால் முதலில் டேப்பில் மாட்டிக்கொள்வீர்கள். சீனாவுக்குப் போகும் நியூசிலாந்து மரத்தை ஜப்பானிய முறைக் கன மீட்டரில் அளக்கிறார்கள், சின்ன நுனியின் விட்டத்தை வைத்து. நம் டிப்போவில் என்ன செய்கிறோம்? மரத்தின் நடுவில் டேப்பைச் சுற்றுவோம். சுற்றளவு 60 அங்குலம் என்றால் நாலில் ஒரு பங்கு 15. பதினஞ்சுக்குப் பதினஞ்சு, 144ஆல் வகுத்து, நீளத்தால் பெருக்கு. 12 அடி மரம் என்றால் பதினெட்டே முக்கால் கன அடி. ஆனால் அந்த உருளையில் உண்மையாக இருப்பது கிட்டத்தட்ட 24 கன அடி. வெள்ளைக்காரன் காலத்து ஹாப்பஸ் கணக்கு, அறுக்கும்போது நாலு பக்கமும் கழிந்து போகும் என்பதற்காக ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே விட்டுவிடுகிற கணக்கு. இன்னமும் அதுதான் ஓடுகிறது. நான் முதன்முதலில் உருட்டு மரமாகவே வாங்கி அறுத்துப் பார்ப்போம் என்று ஆசைப்பட்டபோது, கப்பல் பேப்பரில் இருந்த அளவும் டிப்போ சீட்டில் இருந்த அளவும் ஒத்து வராமல், ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு பெரிய மனிதரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாக ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் கணக்கைப் போட்டுக் காட்டினார். அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

எப்படி அளந்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். 2021ல் சீனா இறக்குமதி செய்த ஊசியிலை உருட்டு மரம் மட்டும் சுமார் 5 கோடி கன மீட்டர். நம்முடையது சில பத்து லட்சத்தைத் தாண்டாது. 2023 வாக்கில் சந்தை படுத்துக் கிடந்த நேரத்திலேயே சீனத் துறைமுகங்களிலிருந்து ஒரு நாளைக்கு 60,000, 70,000 கன மீட்டர் நாட்டுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு மரக் கப்பலில் முப்பது நாற்பதாயிரம் பிடிக்கும். தினம் இரண்டு கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மந்தமான காலத்தில்.

மக்கள்தொகை கிட்டத்தட்ட சமம். அவர்கள் பணக்காரர்கள், நிறைய கட்டுகிறார்கள், அதனால் மரமும் நிறைய. இப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி சரி. மீதிப் பாதி புரிந்தது 2018ல், ஆணி அடிக்கும் மிஷின் பார்க்க ஷான்டோங் மாகாணத்து லின்யிக்குப் போனபோது. பிளைவுட்டுக்குப் பேர் போன ஊர் அது. மிஷின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்ததும் ஏஜென்ட் பையன், வந்ததற்கு இதையாவது பாருங்கள் என்று லான்ஷான் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனான்.

எங்கள் தூத்துக்குடி டிப்போவை நாலு நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். அங்கே காரிலேயே போய்க்கொண்டிருந்தோம், இரண்டு பக்கமும் மரம், மாடி உயரத்துக்கு. இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மரத்தின் வெட்டு முகத்திலும் பார்கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் சீட்டை ஸ்டேப்ளர் பின்னால் அடித்திருந்தார்கள். அதே சீட்டு, எங்கள் டிப்போ மரத்திலும் இருப்பது! நியூசிலாந்தில் எவனோ ஒருவன் அடித்த சீட்டை இரண்டு நாட்டில் நின்று பார்க்கிறேன் என்று தோன்றியதும், காரணமே இல்லாமல் ஒரு சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. பையனிடம் கேட்டேன், இதை எல்லாம் என்ன செய்வீர்கள், மேசை நாற்காலியா? அவன் சிரித்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு கட்டட வேலை நடக்கும் இடத்தில் காரை நிறுத்தினான். முப்பது மாடி இருக்கும். கீழே ஒரு ஓரத்தில் பைன் சட்டங்கள் குவிந்து கிடந்தன, ஒரு பக்கம் புதிது, இன்னொரு பக்கம் சிமென்ட் பூசி வளைந்த ஆணியோடு பழையது. கான்கிரீட் போடும்போது பலகைக்குப் பின்னால் தாங்குவதற்கு வைக்கும் சட்டம். சில தடவை பயன்படும், அப்புறம் கழிவு.

அதாவது அத்தனை கப்பல் மரத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே போவதில்லை. வீட்டைப் பெற்றுப் போட்டுவிட்டுச் செத்துப் போகிறது. குடியிருக்கிறவன் அதைப் பார்ப்பதே இல்லை.

இதே வேலைக்கு நம் ஊரில் என்ன இருக்கிறது? சவுக்கு முட்டு, வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் தகரம். கடற்கரை மாவட்டங்களில் விவசாயியே சவுக்கு போட்டு நாலைந்து வருஷத்தில் வெட்டி விற்கிறான். தகரம் ஐம்பது வீடு பார்க்கும். ஆக நியூசிலாந்து பைனுக்குச் சீனாவில் இருக்கும் மிகப் பெரிய வேலை, தமிழ்நாட்டில் காலி இடமாக இல்லவே இல்லை. எண்ணை மட்டும் பார்த்து, இந்தியா இன்னும் வளரவில்லை, வளர்ந்தால் சீனா அளவுக்கு வாங்கும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சவுக்குக்குப் பதில் பைன் வர வேண்டிய அவசியம் எங்கேயிருந்து வரும்?

கான்கிரீட்டில் போய் மறையும் மரத்துக்கு ஒரு ஆபத்து உண்டு, கட்டடம் நின்றால் மரமும் நின்றுவிடும். 2021 கோடையில் சீனக் கரையில் ஏ கிரேடு பைன் கன மீட்டருக்கு 200 டாலரை ஒட்டிப் போனது. அந்த வருஷக் கடைசியில் எவர்கிராண்டே என்கிற பெரிய வீட்டுக் கட்டுமான நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது, பின்னாலேயே மற்ற கட்டுநர்களும். இரண்டு வருஷத்தில் விலை பாதிக்கு அருகே வந்தது. 5 கோடி கன மீட்டர் 2024க்குள் ஏறக்குறைய பாதியானது. இதைத்தான் எங்கள் டிப்போக்காரர் ஒற்றை வரியில் சொன்னார். நியூசிலாந்தின் உருட்டு மர ஏற்றுமதியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு சீனாவுக்குத்தான் போகிறது, அதனால் அங்கே மரம் வெட்டும் கூலிக்காரர் வரைக்கும் இந்த அடி விழுந்தது.

இப்போது அந்தப் புகைக்கு வருகிறேன். மரத்தோடு வண்டும் புழுவும் வரக் கூடாது என்று கப்பலிலேயே நச்சுப் புகை போட வேண்டும். சீனா பாஸ்பீன் வாயுவை ஏற்றுக்கொள்கிறது. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது வேலையைப் பார்த்துவிடும். இந்தியா கேட்டது மெத்தில் புரோமைடு. அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று உலகமே குறைத்துக்கொண்டு வரும் சாமான், தாவரத் தொற்றுத் தடுப்புக்கு மட்டும் விதிவிலக்கு. நியூசிலாந்து, கப்பல் அறைகளுக்குள் அதைப் போடுவதை 2023 முதல் நிறுத்திக்கொண்டது. அவர்கள் போட மாட்டோம் என்றார்கள், நாம் போடாமல் வராதே என்றோம். நடுவில் கப்பல் நின்றுபோனது. விலை பாதியாகக் கிடந்த நேரத்தில், வாங்க ஆள் தேடி அவர்கள் தவித்த நேரத்தில், நாம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தோம். அதிகாரிகளைக் குறை சொல்வது சுலபம், ஒரு புது வண்டு உள்ளே வந்தால் இமயமலை பைன் காட்டுக்கு யார் பொறுப்பு என்பதும் நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த மாதங்களில் எனக்கு வந்த கோபத்தில் நியாயமெல்லாம் ஞாபகம் வரவில்லை. ஒரு ஏற்றுமதி ஆர்டருக்குப் பேலட் கொடுக்க முடியாமல், பழைய வாடிக்கையாளர் ஒருவரை அந்த வருஷம் இழந்தேன்.

காலி இடத்தில் உருகுவே பைன் வந்தது. கொஞ்சம் கனம், கணு அதிகம், ஆனாலும் ஆணி பிடித்தது. ஆஸ்திரேலிய மரமும் வந்தது, அதுவும் ஒரு சண்டையின் மிச்சம். 2020 கடைசியில் வண்டு இருக்கிறது என்று சொல்லிச் சீனா ஆஸ்திரேலிய உருட்டு மரத்தை மாநிலம் மாநிலமாக நிறுத்தியது. இரண்டு அரசுகளும் அப்போது எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொண்டிருந்தன, 2023 மே மாதம் உறவு சரியானதும் வண்டும் சரியாகிவிட்டது. அதே காலத்தில் ஜெர்மனியில் பட்டை வண்டு தின்று சாய்த்த ஸ்ப்ரூஸ் மரத்தைச் சீனா கன்டெய்னர் கன்டெய்னராக வாங்கியதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். சீனாவுக்கு வேண்டாம் என்றான ஆஸ்திரேலிய மரம் திரும்பிய திசை இந்தியா. நாம் விரும்பி வாங்கினோமா, அவர்கள் கழித்ததை வாங்கினோமா என்று கேட்டால், எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்கு மரியாதை கிடையாது. விலை என்ன, ஈரம் எவ்வளவு, இவ்வளவுதான்.

ரஷ்யா தனிக் கதை. 2022 ஜனவரி 1 முதல் பதப்படுத்தாத ஊசியிலை மரம் வெளியே போகக் கூடாது என்று தடை போட்டார்கள். சீனாவோடு தரை எல்லை, எல்லை ஊரான மான்சோலியில் ரயில் மாறினால் போதும், அதனால் உருட்டு மரம் நின்றாலும் அறுத்த பலகை ரயிலேறி வந்துகொண்டே இருக்கிறது. நமக்கு அந்தப் பக்கம் ரயில் இல்லை.

சரி, கான்கிரீட்டுக்கு வேண்டாம், வீட்டுக்குள்ளாவது வைக்கலாமே? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து அமைப்பு ஒன்று பல வருஷமாக மும்பையில் உட்கார்ந்து ஹெம்லாக், டக்ளஸ் ஃபிர் என்கிற ஊசியிலை மரங்களைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் வைத்துப் பாருங்கள் என்று நம்மிடம் தவமிருக்கிறது. வட இந்தியாவுக்கு இது புதிதில்லை. இமாசலத்தில் பழைய வீடும் கோவிலும் தேவதாருதான், பேரிலேயே தெய்வம் இருக்கிறது. தெற்கே வந்தால் கதை மாறுகிறது. காரைக்குடி வீடுகளின் தூணும் நிலையும் பர்மா தேக்கு. வெளிநாட்டு மரம் நமக்கு ஆகாது என்றில்லை, கப்பலில் வந்தால்கூடத் தேக்காக வர வேண்டும். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியதும் ஆப்பிரிக்கத் தேக்கு, தென் அமெரிக்கத் தேக்கு என்று தேடிப் போனோமே ஒழிய, பைன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வீடு கட்டியபோது திரும்பிப் பார்த்தேன். என் டிப்போ சரக்கையே அடுப்பில் உலர்த்தி, மருந்து ஏற்றி, எல்லா நிலையும் பைனில் செய்துவிடலாம் என்று திட்டம், தேக்குக்கு ஆகும் செலவில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. ஆசாரி ஐயா வந்து சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார், கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினார், நகக்குறி விழுந்தது. இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்தார். சுருள் நீளமாக, வெண்ணெய் மாதிரி வந்தது. மோந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, வேலை செய்யறதுக்கு இதை மாதிரி மரம் இல்லீங்க. கை நோகாது. ஆனா இதுக்கு வைரம் எங்கீங்க இருக்குது? கரையானுக்கு விருந்து வெச்ச மாதிரி ஆயிருமுங்க."

மருந்து ஏற்றிய மரத்தைக் கரையான் தொடாது என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "தலைவாசல் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வெச்சுக் கும்பிடணுமே, பாக்கிங் பெட்டி மரத்துக்கா வெப்பே?"

இதற்கு எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்து நீட்ட? தலைவாசல் நிலை தேக்கிலேயே வந்தது. வாங்கிய கடனில் அந்த ஒரு நிலையின் பங்கு எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். பேரம் பேசி உள் அறை இரண்டுக்கும் பூஜை அறை அலமாரியின் பின்பலகைக்கும் பைன் வைக்க அனுமதி வாங்கினேன். ஆசாரி ஐயா சொன்ன விருந்துக்குக் கரையான் இதுவரை வரவில்லை, நாலு வருஷம் ஆகிறது. ஒரு தொல்லை மட்டும் உண்டு. சித்திரை வெயில் ஏறினால் கணு இருக்கிற இடத்தில் வார்னிஷைத் தள்ளிக்கொண்டு பிசின் பொட்டுப் பொட்டாகக் கசிகிறது. தொட்டால் விரலில் ஒட்டும். நான் டர்பென்டைனை எடுத்துக்கொண்டு போனால், அம்மா, இரு இரு, சாமி ரூமில் இருக்கிறதை மட்டும் துடைக்காதே, சாம்பிராணி வாசம் வருகிறது என்கிறாள்.